கபிரியேல் ழூவோ-துப்ரேய்

கபிரியேல் ழூவோ-துப்ரேய் (1885–1945) தென்னிந்தியக் கோயிற் கட்டடக்கலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆவார். புதுச்சேரியில் இருந்த காலனியக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவாறே தமிழகம் முழுவதும் பயணம் செய்து கோயில்களையும் குடைவரைகளையும் ஆராய்ந்தார். தூண், போதிகை, கூடு போன்ற உறுப்புகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டு ஒரு கோயிலின் காலத்தைக் கணிக்கும் முறையை முறைப்படுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர். பல்லவர் கால ஓவியங்களை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியதிலும் அரிக்கமேட்டின் சிறப்பை உணர்த்தியதிலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதேவேளை, வட தமிழகத்து யோகினி சிற்பங்கள் பாரிசு வழியாக வெளிநாட்டு அருங்காட்சியகங்களைச் சென்றடையக் காரணமாக இருந்தவரும் இவரே. தமிழ் நூல்களில் இவரது பெயர் பலவாறு எழுதப்படுகிறது.

வாழ்க்கை

ழூவோ-துப்ரேய் 1885ஆம் ஆண்டு பிறந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய பிரெஞ்சிந்தியாவின் தலைநகரான புதுச்சேரிக்கு வந்து ஆசிரியப் பணியில் சேர்ந்தார். தொல்லியல் துறையில் அரசுப் பதவி எதையும் வகிக்காமல், பேராசிரியப் பணிக்கு இடையிலேயே தம் ஆய்வுகளை மேற்கொண்டார். இவர் ஆராய்ந்த இடங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்துக்கு உட்பட்டவை.

1914இல் இவரது பெருநூலான தென்னிந்தியத் தொல்லியல் பிரெஞ்சு மொழியில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பாரிசிலுள்ள கீமே அருங்காட்சியகத்தின் ஆய்வு வரிசையில் வெளியான இந்நூலின் முதல் தொகுதி கட்டடக்கலையையும் இரண்டாம் தொகுதி படிமக்கலையையும் பற்றியது. பின்னர் இவற்றின் ஆங்கில வடிவங்களும் வெளிவந்தன. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சு பற்றியும் ஒரு நூல் எழுதியுள்ளார். 1945இல் இவர் காலமானார்.

கட்டடக்கலை ஆய்வு முறை

இவருக்கு முன்னர் தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி எழுதிய மேலைநாட்டவர் பலர், கோயிலின் முழுத் தோற்றத்தையும் அளவையும் கொண்டே அதன் காலத்தை மதிப்பிட்டனர். ஆனால் ஒரே கோயிலில் ஒரு காலத்துக் கருவறையும் வேறொரு காலத்து மண்டபமும் மற்றொரு காலத்துக் கோபுரமும் சேர்ந்திருப்பது தமிழகத்தில் இயல்பு. ஆகவே முழுக்கோயிலையும் ஒரே காலத்ததாகக் கொள்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச் சென்றது.

ழூவோ-துப்ரேய் இதற்கு மாற்றாகச் சிறு உறுப்புகளை ஆராய்ந்தார். கல்வெட்டுகளால் காலம் உறுதிப்பட்ட கோயில்களை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றின் உறுப்புகளைப் படமாக வரைந்து வரிசைப்படுத்தினார். அவ்வரிசையோடு ஒப்பிட்டுக் கல்வெட்டு இல்லாத கோயில்களின் காலத்தைக் கணித்தார். கோயிற்பணி செய்துவந்த சிற்பிகளிடமிருந்து உறுப்புகளின் பெயர்களையும் அவை அமையும் முறையையும் கேட்டறிந்தார்.

இவரது முறைக்குப் போதிகை நல்ல எடுத்துக்காட்டு. போதிகை என்பது தூணின் தலையில் அமர்ந்து மேலுள்ள உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு. பல்லவர் காலத்தில் அதன் முகப்பு வளைவாகவும், பல இடங்களில் அலை போன்ற வரிகளுடனும் அமைந்தது. சோழர் காலத்தில் வளைவு மறைந்து சாய்வான வெட்டும் நடுவே ஒரு முனைப்பும் தோன்றின. விசயநகரக் காலத்தில் அம்முனை நீண்டு, கவிழ்ந்த தாமரை மொட்டாக மாறியது. கபோதத்தின் மேலுள்ள கூடுகளும் இவ்வாறே மாறின. பல்லவர் காலத்தில் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலை போலத் தட்டையாக இருந்தது. சோழர் காலத்தில் அவ்விடத்தைச் சிங்கமுகம் பிடித்தது.

இவற்றின் அடிப்படையில் திராவிடக் கட்டடக்கலையை ஐந்து காலப்பிரிவுகளாக இவர் வகுத்தார்.

பல்லவர் காலம்: 600–850
சோழர் காலம்: 850–1100
பாண்டியர் காலம்: 1100–1350
விசயநகரக் காலம்: 1350–1600
மதுரை நாயக்கர் காலம்: 1600க்குப் பின்

பிற்கால ஆய்வாளர்கள் இவ்வெல்லைகளைத் திருத்தினாலும், உறுப்புகளை ஒப்பிட்டுக் காலம் காணும் முறை இன்றும் பின்பற்றப்படுகிறது.

இம்முறை பயன்பட ஒரு நிபந்தனை உண்டு. உறுப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். எந்தத் தூணின் மேல், எந்தக் கல்வெட்டுக்கு அருகில், எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பது தெரிந்தால்தான் அதைக் கொண்டு கோயிலின் வரலாற்றை முழுமையாகக் கூற முடியும்.

பல்லவர் குடைவரைகளும் மகேந்திரவாடியும்

பல்லவர் தொல்பொருள்கள் என்னும் இவரது நூல் 1916, 1918 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. முதலாம் மகேந்திரவர்மன் (7ஆம் நூற்றாண்டு) குடைவித்த கோயில்களை ஒரு தனிப்பாணியாக இவர் இனங்கண்டார். மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் அமைந்த தடித்த தூண்கள் இப்பாணியின் அடையாளம். இதனைத் தொடர்ந்து மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி எனப் பல்லவர் கலையின் வளர்ச்சியை இவர் பகுத்துக் காட்டினார். மாமல்லபுரத்துச் சின்னங்கள் எந்த மன்னருக்கு உரியவை என்பதில் பின்னர் வேறு கருத்துகளும் எழுந்தன.

மகேந்திரவர்மனின் குடைவரைகளுள் ஒன்று இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில், சோளிங்கருக்குத் தென்கிழக்கே மகேந்திரவாடியில் உள்ளது. அரக்கோணம்–காட்பாடி இருப்புப்பாதையில் சோளிங்கர் நிலையத்துக்குக் கிழக்கே மகேந்திரவாடி நிலையம் அமைந்துள்ளது. சமவெளியில் தனித்து நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து இக்கோயில் அமைக்கப்பட்டது. இங்குள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு, மகேந்திரபுரம் என்னும் ஊரில், மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில், மகேந்திர விட்டுணுகிருகம் என்னும் பெயருடன் திருமாலுக்கு இக்கோயில் எடுக்கப்பட்டதைக் கூறுகிறது. ஊர், ஏரி, கோயில், எடுப்பித்த மன்னன் ஆகிய நான்கையும் ஒரே கல்வெட்டு சொல்வதால் பல்லவர் கட்டடக்கலை வரலாற்றில் மகேந்திரவாடி ஓர் உறுதியான அடையாளக்கல்லாக விளங்குகிறது. பாறையோடு ஒன்றாக இருப்பதால் இக்கோயிலின் தூண்களும் கல்வெட்டும் இடம்பெயராமல் நிலைத்துள்ளன.

ஓவியங்களும் பிற கண்டுபிடிப்புகளும்

1931இல் காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலுள்ள சிறு கோயில்களில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை ழூவோ-துப்ரேய் கண்டறிந்தார். விழுப்புரம் மாவட்டம் பனைமலையிலுள்ள ஓவியத்தை அறிமுகப்படுத்தியவரும் இவரே. சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்களை து. அ. கோபிநாத ராவுடன் சேர்ந்து 1919ஆம் ஆண்டளவில் அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றைப் பல்லவர் காலத்தவை என இவர் கருதினார். இப்போதுள்ள ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை எனப் பின்னர் அங்குள்ள கல்வெட்டைக் கொண்டு அறியப்பட்டது.

1926இல் ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியிலுள்ள கோலி என்னும் ஊரில் பௌத்தத் தூபி ஒன்றின் எச்சங்களைக் கண்டறிந்தார். அதன் சிற்பப் பலகைகள் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலை அந்த அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்டது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பிற பொருள்களையும் கண்டு, அவ்விடம் உரோமாபுரியோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த பழைய துறைமுகம் என்பதை 1930களின் பிற்பகுதியில் இவர் எடுத்துரைத்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வு இதனை உறுதிப்படுத்தியது.

யோகினி சிற்பங்கள்

ழூவோ-துப்ரேயின் வாழ்வில் அதிகம் விவாதிக்கப்படும் பகுதி யோகினி சிற்பங்களைப் பற்றியது. 10ஆம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தில் யோகினியருக்கென ஒரு கோயில் இருந்தது. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சி இப்பகுதியில் நிலைபெற்ற நூற்றாண்டு அது. சோளிங்கரிலுள்ள அவனது 9ஆம் ஆட்சியாண்டுப் பாறைக் கல்வெட்டு, கங்க மன்னன் இரண்டாம் பிருதிவிபதி அவனிடமிருந்து வாணர்களின் தலைமையைப் பெற்றதைக் குறிப்பிடுகிறது. ஆனால் யோகினி கோயிலை எடுத்தவர் யார் என்று கூறும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அக்கோயில் எப்போதோ அழிந்து, ஏறத்தாழ ஆளுயரத்தில் அமர்ந்த நிலையிலான கற்சிற்பங்கள் மட்டும் எஞ்சின.

1920களின் நடுவில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இச்சிற்பங்களைத் தேடிக் கண்ட ழூவோ-துப்ரேய், அவற்றுள் பலவற்றைப் பாரிசில் கலைப்பொருள் வணிகம் செய்துவந்த சி. டி. லூ என்பவருக்கு அனுப்பினார். சீனாவில் பிறந்த லூ, ஆசியக் கலைப்பொருள்களை ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு விற்பதில் பெயர்பெற்றவர். அவர் வழியாக யோகினியர் ஒவ்வொருவராகப் பல நாடுகளுக்குப் பிரிந்தனர். பாரிசின் கீமே அருங்காட்சியகம், இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகம், வாசிங்டனின் சாக்லர் காட்சிக்கூடம், டிட்ராய்ட், மின்னியாபொலிசு கலைக்கூடங்கள், டொரண்டோவின் அரச ஒண்டாரியோ அருங்காட்சியகம் ஆகியவற்றில் இச்சிற்பங்கள் உள்ளன. சில சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

அன்றைய சட்டம் இத்தகைய இடமாற்றத்தை முழுமையாகத் தடுக்கவில்லை. 1904ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அறிவிக்கை செய்த பொருள்களையும் இடங்களையும் பொறுத்தே தடை விதிக்க இயலும். தொல்பொருள் ஏற்றுமதியைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதனினும் கடுமையான தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது.

கோயில் எங்கிருந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காஞ்சிபுரம் என்றும், சோளிங்கருக்குத் தெற்கேயுள்ள காவேரிப்பாக்கம் பகுதி என்றும் கூறப்படுகிறது. ஒடிசாவின் ஈராப்பூர், மத்தியப் பிரதேசத்தின் பேராகாட் ஆகிய இடங்களிலுள்ள யோகினி கோயில்கள் கூரையற்ற வட்ட வடிவின. தமிழகத்துக் கோயிலும் அவ்வாறே இருந்ததா, யோகினியர் எந்த வரிசையில் அமர்ந்திருந்தனர் என்பவற்றைச் சிதறிய சிற்பங்களைக் கொண்டு உறுதியாகக் கூற இயலவில்லை.

கண்காட்சிகளும் பிற்கால ஆய்வும்

கோயில் உறுப்புகள் வெளிநாடு சென்றது இவரோடு தொடங்கியதன்று. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மதனகோபாலசுவாமி கோயிலின் வளாகத்தில் கிடந்த மண்டபத் தூண்களையும் பிற உறுப்புகளையும் விலைக்கு வாங்கினார். அவை 1919இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்டன. டபிள்யூ. நார்மன் பிரவுன் மதுரைக்கு வந்து ஆராய்ந்து அம்மண்டபத்தைப் பற்றி 1940இல் ஒரு நூல் வெளியிட்டார். உறுப்புகள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்ததாலும் மூலக்கோயில் அறியப்பட்டிருந்ததாலும், தூண்களை ஒரு மண்டபமாகவே அங்கு நிறுத்திக் காட்ட முடிந்தது. யோகினி கோயிலுக்கு இவ்விரண்டு வாய்ப்புகளும் இல்லை.

2012இல் பத்மா கைமல் வெளியிட்ட ஆங்கில நூல், இக்கோயிலோடு தொடர்புடைய 19 சிற்பங்களின் பயணத்தை விரிவாக ஆராய்ந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் வாசிங்டன் சாக்லர் காட்சிக்கூடத்தில் யோகக்கலை பற்றிய பெரிய கண்காட்சி ஒன்று தொடங்கியது. வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்துபோன யோகினியருள் மூவர் அதில் மீண்டும் ஒன்றாக வைக்கப்பட்டனர். அக்கண்காட்சி 2014இல் சான் பிரான்சிசுகோவிலும் கிளீவ்லாந்திலும் நடைபெற்றது. கண்காட்சி முடிந்ததும் சிற்பங்கள் தத்தம் அருங்காட்சியகங்களுக்குத் திரும்பின.

மதிப்பீடு

தமிழகக் கோயில்களைக் காலவரிசைப்படி படிக்கக் கற்றுத் தந்தவர் என்ற முறையில் ழூவோ-துப்ரேய்க்குக் கலை வரலாற்றில் நிலையான இடம் உண்டு. பல்லவர் குடைவரைகளைப் பின்னர் விரிவாக ஆராய்ந்த ஏ. எச். லாங்கர்ஸ்ட், கே. ஆர். சீனிவாசன் ஆகியோருக்கு இவரது பணி அடித்தளமாக அமைந்தது.

யோகினி சிற்பங்களைப் பொறுத்தவரை இரு வகைக் கருத்துகள் நிலவுகின்றன. கவனிப்பாரற்றுக் கிடந்த சிற்பங்கள் அருங்காட்சியகங்களில் சேதமின்றிப் பாதுகாக்கப்பட்டன என்பதும், அவற்றால் தமிழகச் சிற்பக்கலை உலகின் பார்வைக்கு வந்தது என்பதும் ஒரு கருத்து. சிற்பங்கள் பிரிக்கப்பட்டதால் அவை எந்தக் கட்டடத்தின் உறுப்புகளோ அந்தக் கட்டடத்தைப் பற்றிய அறிவு மீட்க இயலாதபடி குறைந்துவிட்டது என்பது மற்றொரு கருத்து. பின்னதற்கு வலுவூட்டுவது இவரது ஆய்வு முறையே. ஓர் உறுப்பின் வடிவம் அதன் காலத்தைச் சொல்லும் என்பதை இவர் நிறுவினார்; யோகினியரின் காலம் இன்று தெரிவதும் அவ்வாறே. ஆனால் ஊர், ஏரி, மன்னன் என மகேந்திரவாடிப் பாறை கூறும் மற்ற செய்திகளை இடம்பெயர்ந்த சிற்பங்களால் கூற முடியவில்லை.

முக்கிய நூல்கள்

தென்னிந்தியத் தொல்லியல், இரு தொகுதிகள் (பிரெஞ்சு, 1914)
பல்லவர் தொல்பொருள்கள், இரு தொகுதிகள் (1916, 1918)
திராவிடக் கட்டடக்கலை (1917)
பல்லவர் (1917)
தக்காணத்தின் பண்டைய வரலாறு (1920)
தென்னிந்தியப் படிமக்கலை (1937)