முன்வாசல் வழியே நுழைந்த வால்டர் ஹேகன்

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் கொல்லர் ஒருவரின் மகன் அவ்வாட்டத்தில் உலகப் புகழ் எய்தினார். அவரே அமெரிக்கரான வால்டர் ஹேகன்.

இவர் 1892-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே அவ்வூர் மன்றத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்து காசு ஈட்டினார். நம் நாட்டிலும் துரைமார் மன்றங்களில் அவ்வாறு பை சுமந்த சிறுவர்களை நம் பெரியோர் அறிவர். சுமந்தவாறே ஹேகன் ஆட்டத்தைக் கண்ணால் கற்றார். பள்ளிப் படிப்பை மட்டும் இடையில் கைவிட்டார். ஆசிரியராகிய நாம் இதனை மெச்சுவதற்கில்லை.

1914-இல் சிகாகோ நகருக்கு அருகே அமெரிக்கப் பொதுப்போட்டி நடைபெற்றது. முன்னாள் இரவு உண்ட உணவு ஒவ்வாமல் வயிற்று வலியால் துன்புற்றும், அதில் வென்றார். 1919-இல் மீண்டும் வாகை சூடினார்.

பட்டுச் சட்டையும் இரு வண்ணக் காலணியும் அணிந்து, மன்னர்போல் நடந்து வருவார். அவர் அடிக்கும் பந்து அடிக்கடி புதரிலும் மணலிலும் போய் விழும். அதற்காக அவர் முகம் வாடியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சில அடிகள் தவறியே தீரும் என்று முன்னரே எண்ணியிருந்தமையால், அடுத்த அடியிலேயே கருத்தைச் செலுத்துவார்.

அந்நாளில் ஊதியத்திற்காக ஆடுவோரை மன்றத்தார் பணியாளராகவே நடத்தினர். 1920-இல் இங்கிலாந்தின் டீல் நகரில் பிரிட்டிஷ் பொதுப்போட்டி நடந்தபோது, மன்ற மாளிகைக்குள் உடை மாற்றவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஹேகன் சச்சரவு செய்யவில்லை. விலையுயர்ந்த மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, மாளிகையின் முன்னே நிறுத்தி, அதனையே தம் உடை மாற்றும் அறையாக்கிக் கொண்டார்! ஆட்டத்தில் ஐம்பது பேருக்கும் பின்தங்கினார் என்பது வேறு கதை.

அதே ஆண்டு அமெரிக்காவின் டொலிடோ நகரிலுள்ள இன்வர்னஸ் மன்றம் தன் கதவுகளை இவ்வாட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. அந்நன்றியை மறவாது, ஹேகன் முன்நிற்க, அவர்கள் பணம் திரட்டி உயரமான கடிகாரம் ஒன்றை அம்மன்றத்திற்குப் பரிசளித்தனர்.

1922-இல் பிரிட்டிஷ் பொதுப்போட்டியில் ஹேகன் வென்றார். அமெரிக்க மண்ணில் பிறந்த எவரும் அதற்குமுன் அதனை வென்றதில்லை. மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் ட்ரூன் நகரில் ஓர் அடி வேறுபாட்டில் இரண்டாம் இடம் பெற்றார். போட்டி நாள்களில் கதவடைத்த மன்றத்தார் பரிசளிப்புக்கு மட்டும் உள்ளே அழைத்தனர். ஹேகன் அழைப்பை ஏற்கவில்லை. கூடியிருந்த மக்களைத் தாம் தங்கிய விடுதிக்கு அழைத்துச் சென்றார். தமக்கு மட்டும் கதவு திறந்தால் போதும் என்று அவர் எண்ணியிருந்தால், அன்றே உள்ளே சென்றிருக்கலாம் அன்றோ?

1924, 1928, 1929 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் போட்டியில் ஐந்து முறை வென்றார். அவற்றுள் நான்கு, 1924 முதல் 1927 வரை தொடர்ந்து பெற்றவை. 1927-இல் தொடங்கிய ரைடர் கிண்ணப் போட்டியில் முதல் ஆறு முறையும் அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கினார். பெரும்பொருள் ஈட்டினார், ஈட்டியவாறே செலவும் செய்தார்.

1969 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தில் ஹேகன் காலமானார். அவர் வென்ற பெரும்பட்டங்கள் 11. அவ்வெண்ணிக்கையைக் கடந்தோர் ஜாக் நிக்லசும் டைகர் உட்சும் மட்டுமே.