மூதறிஞரின் முதுமை நட்பு

அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, கல்கத்தாவில் ஆளுநராகவும் டெல்லியில் கவர்னர் ஜெனரலாகவும் வீற்றிருந்ததை நாம் அறிவோம். ஈண்டு நாம் கூற விழைவது அவர்தம் நட்பொன்றைப் பற்றியே.

அவர் சேலம் நகராட்சித் தலைவராயிருந்த காலத்தில் ஈரோட்டு நகராட்சித் தலைவராயிருந்தவர் பெரியார். அவரைக் காங்கிரசுக்கு அழைத்து வந்தவரும் ராஜாஜியே. 1925-இல் பெரியார் அதனை விட்டு நீங்கினார். பின்னர் கடவுள், சாதி, மொழி என எதிலும் இருவரும் ஒத்துப்போனாரில்லை. 1938-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது ராஜாஜியின் ஆட்சி பெரியாரைச் சிறையிலிட்டது. 1953-இல் ராஜாஜி கொணர்ந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் முன்னின்று எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி பதவி துறந்தார்.

இவ்விரண்டுக்கும் இடையே, 1949-இல், தம் எழுபதாம் வயதில், இயக்கத்தின் வருங்காலம் குறித்துக் கலந்து பேசப் பெரியார் நாடிச் சென்றது யாரை? தம்மைச் சிறையிட்ட அந்த நண்பரையே! திருவண்ணாமலையில் சந்தித்தனர். பேசியது யாதென நாடே கேட்டது. ராஜாஜி மேடையில் வாய் திறந்தாரில்லை. நாமாயின் நால்வரிடமேனும் சொல்லியிருப்போம்!

1967 தேர்தலிலும் இருவரும் எதிரெதிர் அணியினரே. 1972 டிசம்பர் 25-இல், தொண்ணூற்று நான்காம் அகவை நிறைந்த ராஜாஜி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து, பலர் காணக் கண்ணீர் விட்டு அழுதார்.