கொத்தனார் வேலையில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற சைக்கிள் வீரர்
பொட்டேக்கியாவின் உழைப்பும், விடை கிடைக்காத மரணமும்

இத்தாலி நாட்டின் வடகிழக்கே, ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில், வெனட்டோ என்ற பகுதி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் பியாவே ஆறு இந்தப் பகுதி வழியாகப் போய் அட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. ஆற்றங்கரை ஓரம் குன்றுகள். குன்றுகளின் சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள். இந்தத் திராட்சைக் குன்றுகளில் ஒரு பகுதியை 2019-ல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கும் இந்த இடம், நூறு ஆண்டுகளுக்கு முன்பு வறுமைப் பிரதேசம். கொடி நட்டவன் ஒருவன், பழத்தை விற்றுப் பிழைத்தவன் இன்னொருவன். வயிற்றுப் பாட்டுக்காக ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பக்கத்து நாடான பிரான்சுக்குப் போனவர்கள் உண்டு. கடல் கடந்து பிரேசிலுக்குப் போனவர்களும் உண்டு. ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஊரை விட்டுப் போனவர்களில் ஒருவர்தான் ஒத்தாவியோ பொட்டேக்கியா. உலகின் மிகக் கடினமான சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் இத்தாலியர்.

எட்டாவது பிள்ளை

பொட்டேக்கியா 1894-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி கொல்லே உம்பெர்த்தோ என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் ஒன்பது குழந்தைகள். இவர் எட்டாவது. ஒத்தாவியோ என்ற சொல்லுக்கே எட்டாவது என்றுதான் பொருள். பிள்ளைக்குப் பெயர் தேடக்கூட அந்த வீட்டில் நேரமில்லை போலும்!

பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு வருடம். பிறகு செருப்புத் தைக்கும் தொழில். அதன் பின் கரணை பிடித்துக் கொத்தனார் வேலை. காதெரினா என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பிறந்தன. குடும்பச் சுமை கூடியது.

முதல் உலகப் போர் வந்தது. பொட்டேக்கியா பெர்சலியேரி என்ற படைப்பிரிவில் சேர்க்கப்பட்டார். இந்தப் பிரிவில் சைக்கிள் வீரர்கள் உண்டு. சைக்கிளை மடக்கி முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். பாதை வந்ததும் விரித்து ஓட்டுவார்கள். குண்டு மழைக்கு நடுவே செய்தியும் சாமான்களும் கொண்டு போவது பொட்டேக்கியாவின் வேலை. எதிரிகளிடம் சிக்கினார், தப்பி வந்தார். மலேரியா காய்ச்சலில் படுத்தார். வீரச் செயலுக்காக வெண்கலப் பதக்கம் பெற்றார். மலைப் பாதையில் சைக்கிள் மிதிக்கும் பலம் அவருக்கு வந்தது பந்தய மைதானத்தில் அல்ல, போர்க்களத்தில்தான்.

போர் முடிந்தது. பியாவே ஆற்றங்கரை ஊர்கள் இடிந்து கிடந்தன. பதக்கத்தை வைத்து அடுப்பு எரியுமா? பொட்டேக்கியா பிரான்சுக்குப் போய்க் கட்டிட வேலை பார்த்தார். கொஞ்ச காலம் கழித்து ஊர் திரும்பினார்.

கை கொடுத்தவர்

பக்கத்து ஊரான வித்தோரியோ வெனட்டோவில் கார்னியெல்லி என்பவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த ஊர் விளையாட்டுச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பொட்டேக்கியாவின் கால் பலத்தைக் கவனித்த அவர், பந்தய சைக்கிள் ஒன்றைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். அப்போது பொட்டேக்கியாவுக்கு வயது 25-ஐத் தாண்டிவிட்டது. மற்ற வீரர்கள் பதினெட்டு வயதிலேயே தொடங்கும் தொழில் அது.

உள்ளூர்ப் பந்தயங்களில் வென்றார். 1923-ல் இத்தாலியைச் சுற்றி வரும் பெரிய பந்தயத்தில் கலந்துகொண்டார். எந்தக் கம்பெனியின் ஆதரவும் கிடையாது. சாப்பாடு, தங்கும் இடம், பஞ்சர் எல்லாம் சொந்தப் பொறுப்பு. அப்படி ஓட்டியே ஐந்தாவது இடம் பிடித்தார். தனியாக ஓட்டியவர்களில் அவரே முதல்வர்.

இத்தாலியில் சைக்கிள் விற்க விரும்பிய ஆட்டோமோட்டோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. கொத்தனாராகப் பிரான்சுக்குப் போனவர், இப்போது வீரராக அதே நாட்டுக்குப் போனார்.

இரவு புறப்பட்டு இரவு சேரும் பந்தயம்

டூர் தெ பிரான்ஸ் என்பது பிரான்ஸ் நாட்டைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம். 1903-ல் தொடங்கியது. 1924-ல் அதன் மொத்தத் தூரம் 5,425 கிலோ மீட்டர். மும்பையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதை சுமார் 1,400 கிலோ மீட்டர். ஏறக்குறைய இரண்டு முறை டெல்லி போய்த் திரும்பும் தூரத்தை, சைக்கிளில், 15 கட்டங்களாக மிதித்துக் கடக்க வேண்டும். ஒரு கட்டம் மட்டும் 482 கிலோ மீட்டர். அதை முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆனது.

அந்த நாளில் மலைச் சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஓட்டிக்கொண்டே கியர் மாற்றும் வசதியைப் பந்தய விதி அனுமதிக்கவில்லை. அது 1937-ல்தான் வந்தது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல் சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். டயர்களை மாலை போலத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

1923-ல் முதல் முறை கலந்துகொண்ட பொட்டேக்கியா இரண்டாவது கட்டத்தை வென்றார். முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியன் அவருக்குக் கிடைத்தது. அதை அணிந்த முதல் இத்தாலியர் அவரே. பின்னர் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் பின்தங்கினார். பந்தயத்தை அவருடைய அணித் தலைவர் ஆன்றி பெலிசியே வென்றார். பொட்டேக்கியாவுக்கு இரண்டாம் இடம்.

ஏழை வீட்டிலிருந்து வந்தவர் என்று அறிந்து, இத்தாலிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்று தலைக்கு ஒரு லிரா வீதம் வாசகர்களிடம் நிதி திரட்டியது. முதல் லிராவைப் போட்டவர் சர்வாதிகாரி முசோலினி!

முதல் நாள் முதல் கடைசி நாள் வரை

1924 பந்தயத்தில் முதல் கட்டத்தையே பொட்டேக்கியா வென்றார். மஞ்சள் பனியன் வந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒரு பரபரப்பு. புறப்படும்போது உடுத்திய உடையோடுதான் முடிவிடம் சேர வேண்டும் என்பது விதி. குளிருக்குப் போட்ட பனியனை வெயில் வந்ததும் கழற்றி எறியக் கூடாது. இதற்காக அதிகாரிகள் செய்த சோதனையில் கோபம் கொண்ட பெலிசியே பந்தயத்தை விட்டே விலகினார். அவருடைய தம்பியும் உடன் போனார்.

அணித் தலைவர் போய்விட்டார். பொட்டேக்கியா மிதித்துக்கொண்டே இருந்தார். பிரனீஸ் மலையில் நான்கு கணவாய்களை ஏறி இறங்கும் 326 கிலோ மீட்டர் கட்டம் வந்தது. அதிலும் அவரே முதல். அடுத்த மலைக் கட்டத்திலும் அவரே முதல். பாரிஸ் நகரில் முடிந்த கடைசிக் கட்டத்திலும் வென்றார். இரண்டாவதாக வந்தவரை விட 35 நிமிடத்துக்கு மேல் முந்தி முடித்தார். முதல் கட்டத்தில் வாங்கிய மஞ்சள் பனியனைக் கடைசி வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தாலிக்கு இந்தப் பந்தயத்தில் கிடைத்த முதல் வெற்றி இதுதான்.

1925-ல் மீண்டும் வென்றார். இந்த முறை வித்தியாசம் 54 நிமிடம். இதில் பெல்ஜிய வீரர் லூசியன் பூசேக்குப் பெரும் பங்கு உண்டு. எதிர்க்காற்று வீசும்போது அவர் முன்னால் போய்க் காற்றைத் தடுப்பார். பொட்டேக்கியா அந்த மறைவில் வருவார். அப்படி உதவிக்கென்றே ஓட்டிய பூசே இரண்டாவது இடம் பிடித்தார்.

எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பொட்டேக்கியாவுக்கு, பிச்சின் என்ற நண்பர் விளையாட்டுப் பத்திரிகையை வைத்தே எழுத்துக் கற்றுத்தந்ததாகச் சொல்வார்கள். தன் பெயர் தலைப்புச் செய்தியாக வரும் பத்திரிகையிலேயே ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1926-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டுப் பந்தயம் 5,745 கிலோ மீட்டர். பிரனீஸ் மலையில் புயலும் குளிரும் சேற்று வழியுமாக வீரர்கள் திணறினார்கள். பொட்டேக்கியா அழுதுகொண்டே சைக்கிளை விட்டு இறங்கினார். அந்த ஆண்டு வென்றவர், முந்தைய ஆண்டு அவருக்குத் துணையாக ஓட்டிய பூசே.

ஆற்றங்கரையில் என்ன நடந்தது?

1927 மே மாதம். பொட்டேக்கியாவின் தம்பி ஜொவான்னி சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார். அந்தத் துக்கம் ஆறும் முன்பே, ஜூன் 3-ந் தேதி காலையில் பொட்டேக்கியா பயிற்சிக்காகத் தனியே புறப்பட்டார்.

தாலியமெந்தோ ஆற்றின் ஓரமாக, மலை அடிவாரத்தில் போகும் சாலையில் பெயோனிஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே சாலையோரத்தில் அவர் கிடப்பதைக் குடியானவர்கள் கண்டார்கள். மண்டை உடைந்திருந்தது. காரை எலும்பு முறிந்திருந்தது. நினைவில்லை. ஆனால் அவருடைய சைக்கிள் சற்றுத் தள்ளி, சேதம் எதுவும் இல்லாமல் இருந்தது.

சத்திரத்துக்குத் தூக்கிப் போனார்கள். பங்குச் சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். பிறகு வண்டியில் ஏற்றி ஜெமோனா மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுமார் 12 நாட்கள் உயிருக்குப் போராடி இறந்தார். அப்போது அவருக்கு வயது 32.

வெயில் தாக்கி மயங்கி விழுந்தார், இது விபத்து என்று விசாரணையை முடித்தார்கள். ஊர் நம்பவில்லை. மயங்கி விழுந்தவரின் மண்டை அப்படி உடையுமா, சைக்கிளில் கீறல்கூட விழாமல் இருக்குமா என்று கேட்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விவசாயி, தன் தோட்டத்தில் திராட்சை பறித்தவரைக் கல்லால் அடித்தேன் என்று மரணப் படுக்கையில் சொன்னதாகச் செய்தி வந்தது. தோட்டம் வைத்தவர்கள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள். அந்தப் பகுதியில் ஜூன் தொடக்கத்தில் திராட்சைக் கொடி பூப்பூக்கும் பருவம். தின்னப் பழம் ஏது? நியூயார்க்கில் கத்திக்குத்துப் பட்டுச் சாகக் கிடந்த ஒரு இத்தாலியர், கூலிக்காக நானே கொன்றேன் என்றாராம். அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சாமியாரோ, தம் கடைசி நாளில் பாசிஸ்டுகள் மீது பழி சொன்னதாகக் கூறுகிறார்கள். பொட்டேக்கியாவுக்கு அந்தக் கட்சி பிடிக்காது என்பது ஊரறிந்த பேச்சு. ஆனால் எதற்கும் சாட்சியோ தடயமோ வெளிவரவில்லை. தலைக்கு ஒரு லிரா திரட்டிக் கொண்டாடிய நாட்டில், அந்தத் தலை எப்படி உடைந்தது என்று அரசாங்கம் மறுபடி கேட்கவில்லை. அவருடைய மனைவி மக்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

நிலைத்த பெயர்

இறப்பதற்கு முன்பே கார்னியெல்லியோடு சேர்ந்து தம் பெயரில் சைக்கிள் செய்யும் தொழிலில் இறங்கியிருந்தார் பொட்டேக்கியா. அந்தப் பெயர் நின்றது. 1989-ல் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், டூர் பந்தயத்தை வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டியது பொட்டேக்கியா சைக்கிள். இன்றும் அந்தப் பெயரில் சைக்கிள்கள் விற்பனையாகின்றன.

பெயோனிஸ் சாலையோரத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. அந்த வழியே போகும் சைக்கிள்காரர்கள் அங்கே ஒரு நிமிடம் இறங்கி நின்றுவிட்டுப் போகிறார்கள்.