கிளாட்ஸ்டன் பெரியாரும் அவர்தம் கோடரியும்

நெடுங்காலம் வாழ விரும்பாதார் உலகில் இலர். முதுமையை விரும்புவாரும் இலர். இவ்விரு விருப்பங்களும் ஒன்றோடொன்று முரணுவன. நெடிது வாழ்வோர் முதுமை எய்தியே தீர்தல் வேண்டும். ஆயினும், முதுமை என்பது ஆண்டுகளின் தொகை மட்டும் அன்று. அறுபதில் தளர்ந்து திண்ணையிற் சாய்ந்து கிடப்பாரும் உளர். எண்பதில் நிமிர்ந்து நடந்து தம் கடமையைத் தாமே ஆற்றுவாரும் உளர். இவ்வேற்றுமைக்குப் பிறப்பும் நோயும் வறுமையும் ஓரளவு காரணமாதல் உண்மையே. எனினும், நாடோறும் கைக்கொள்ளும் உடற்பழக்கமும் அவற்றிற்குச் சிறிதும் குறையாத காரணமாகும். இதனை விளக்கும் பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நான்கு முறை பிரிட்டனின் முதலமைச்சராக விளங்கிய வில்லியம் எவார்ட் கிளாட்ஸ்டன் பெரியாரின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தேன். நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிளாட்ஸ்டன் என்னும் பெயர் பூண்டோர் பலர். பெயரை அறிந்த அளவிற்கு அப்பெயர்க்குரியாரை நாம் அறிந்திலோம்.

கிளாட்ஸ்டன் 1809-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் கிளாட்ஸ்டன், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய பெருவணிகர். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்திலும் பயின்ற மகனார், 1831-இல் பழைய இலக்கியம், கணிதம் ஆகிய இரு துறைகளிலும் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டின் இறுதியிலேயே, தம் 23-ஆம் வயதளவில், பாராளுமன்றத்திற் புகுந்தார். 1839-இல் காதரின் கிளின் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரின் குடும்பத்தார்க்கு வேல்ஸ் நாட்டு ஹார்டன் என்னும் ஊரில் மாளிகையும் காடும் நிலமும் இருந்தன. கடனில் மூழ்கியிருந்த அச்சொத்தைக் கிளாட்ஸ்டன் பல்லாண்டு முயன்று மீட்டார். பின்னாளில் அவர் உடல் உரம் பெற்ற களமும் அதுவே ஆயிற்று.

அவர் குறையேதுமில்லாத உடம்பு படைத்தவர் அல்லர் என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். 1842-இல் வேட்டையாடும்போது துப்பாக்கி வெடித்து இடக்கையின் சுட்டுவிரலை இழந்தார். அதன்பின் அவ்விரல் இருந்த இடத்தைக் கறுப்பு உறையால் மறைத்துக்கொள்வார். அன்றியும், அவருடைய தொழில் உட்கார்ந்து செய்யுந் தொழில். பகலெல்லாம் கடிதமும் கணக்கும். இரவெல்லாம் பாராளுமன்ற விவாதம். எஞ்சிய பொழுது நூல் கற்றலிலும் நூல் எழுதுதலிலும் கழிந்தது. ஹோமர் என்னும் கிரேக்கப் பெருங்கவியைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் கொண்ட நூலை 1858-இல் வெளியிட்டார். இத்தகைய வாழ்க்கையை மேற்கொண்டோர் நடு வயதிலேயே தொந்தி சரிந்து, மூச்சு வாங்கி, முதுகு வளைவதை நாம் எங்கும் காண்கின்றோம்.

அவ்வாண்டிலேதான், தம் 48-ஆம் வயதில், கிளாட்ஸ்டன் கோடரியைக் கையில் எடுத்தார். ஹார்டன் காட்டில் நோயுற்றும் பட்டும் நின்ற மரங்களையும், பிற மரங்களின் வளர்ச்சியைத் தடுத்து நின்றவற்றையும் தாமே வெட்டி வீழ்த்தலானார். மேற்சட்டையைக் களைந்துவிட்டு, மைந்தர்களைத் துணைக்கொண்டு, ஓங்கிய ஓக் மரத்தின் அடியில் நின்று மணிக்கணக்காக வெட்டுவார். வீழ்த்திய மரங்களுக்கு ஈடாகப் புதுக் கன்றுகளை நட்டும் வந்தார். வெட்டும்போது, அடுத்த வெட்டு எங்கே விழவேண்டும் என்பதையன்றி வேறு கவலை மனத்திற் புகுவதில்லை என்பது அவர் கண்ட அனுபவம். ஆகவே அவ்வேலை உடலுக்கு உழைப்பாகவும் உள்ளத்திற்கு ஓய்வாகவும் அமைந்தது. 1868 டிசம்பரில் அவர் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோதே, அமைச்சரவை அமைக்கும் பொறுப்பு அவரை நாடி வருகின்றது என்பதை உணர்த்தும் தந்தி கையிற் கொடுக்கப்பட்டது. அவர் அதனைப் படித்து, அயர்லாந்தில் அமைதி நிலவச் செய்தலே தம் பணி என்று அருகிலிருந்தாரிடம் கூறிவிட்டு, மீண்டும் கோடரியை ஓங்கினார் என்பர்.

இதனை எள்ளியவர்களும் உண்டு. கிளாட்ஸ்டன் பெருமகனார்க்கு வியர்க்கவேண்டும் என்பதற்காகக் காடே புலம்புகின்றது என்ற கருத்துப்படப் பிரபு ராண்டால்ஃப் சர்ச்சில் 1884-இல் மேடையில் நகையாடினார். பொதுமக்களோ, அவர் மரம் வெட்டுவதைக் காண இரயிலேறி வந்தனர். சிதறிய சிராய்களை நினைவுப்பொருளாகப் பொறுக்கிச் சென்றனர். புகழையும் இகழையும் அவர் பொருட்படுத்தவில்லை. 1891-இல் 81 வயது நிறைந்த பின்னும் கோடரி அவர் கையை விட்டு அகலவில்லை.

இப்பழக்கத்தின் பயன் யாது என்பதை அவர் வாழ்க்கையின் பிற்பகுதி தெளிவாகக் காட்டுகின்றது. 1874-இல் தேர்தலில் தோற்று, மறு ஆண்டு கட்சித் தலைமையைத் துறந்தபோது அவர்க்கு வயது 65. அவருடைய பொதுவாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1879-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், எழுபதை நெருங்கிய அம்முதியவர், ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதியிற் சுற்றுப்பயணம் செய்து, நாள்தோறும் பல்லாயிரவர் முன் முழங்கினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது, நெஞ்சுரமே ஒலிபெருக்கி. அவர் முதலமைச்சராக அமர்ந்த நான்கு முறைகளுள் மூன்று, எழுபது வயதிற்குப் பின்னரே வாய்த்தன. 1880-இல் 70 வயதிலும், 1886-இல் 76 வயதிலும், 1892-இல் 82 வயதிலும் அப்பொறுப்பை ஏற்றார். அறுபத்தைந்தில் உடல் குலைந்திருப்பின் இம்மூன்றும் நிகழ்ந்திரா என்பது வெளிப்படை.

நான்காம் முறை முதலமைச்சரான அதே ஆண்டு, ஹார்டன் பூங்காவில் வெறிகொண்ட பசு ஒன்று அவரை முட்டிக் கீழே தள்ளியது. 82 வயதினர் ஒருவர் அவ்வாறு வீழ்ந்தால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடப்பதே பெரும்பாலும் நிகழக்கூடியது. அவரோ எழுந்து ஒரு மரத்தின் பின் ஒதுங்கித் தப்பினார். சில நாட்களுக்குப் பின், செப்டம்பர் மாதத்தில், ஸ்னோடன் மலையில் புதிதாக அமைத்த வழியொன்றைத் திறந்துவைத்து, அங்குள்ள பாறையின்மேல் நின்று மக்களுக்கு உரையாற்றினார். அப்பாறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. மறு ஆண்டு, அயர்லாந்திற்குத் தன்னாட்சி அளிக்கும் மசோதாவை 83 வயதிற் கொணர்ந்து, மாதக்கணக்கில் நீண்ட விவாதங்களைத் தாமே முன்நின்று நடத்தி, பொதுமக்கள் சபையில் நிறைவேற்றினார். பிரபுக்கள் சபை 419 வாக்குகளுக்கு 41 என்ற கணக்கில் அதனைத் தள்ளிவிட்டது. கருத்துத் தோற்றது, உடல் தோற்கவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கடும் உழைப்பே நீண்ட ஆயுளைத் தருமாயின், நாள் முழுதும் மண் வெட்டியும் மூட்டை சுமந்தும் வாழும் ஏழை மக்கள் அன்றோ நூறாண்டு வாழ்தல் வேண்டும்? இவ்வையத்திற்குக் கிளாட்ஸ்டன் குடும்ப வரலாறே விடை தருகின்றது. அவ்விடை அக்குடும்பத்தின் களங்கமும் ஆகும். தந்தையாரின் செல்வத்திற் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலும் டெமெராராவிலும் அடிமைகளின் உழைப்பால் வந்தது. 1823-இல் டெமெராராவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சி அவர் தோட்டத்திலேயே தொடங்கிற்று. மகனாரும் 1833-இல் பாராளுமன்றத்திற் பேசத் தொடங்கிய காலத்தே தந்தையின் தோட்டத்தைக் காத்தே பேசினார். அவர்தம் வழித்தோன்றல்கள் 2023-இல் கயானா நாட்டிற்குச் சென்று, அத்தீமைக்காக மன்னிப்பு வேண்டினர். அக்கரும்புத் தோட்டங்களில் உழைத்தோரும் வெட்டுகத்தியை ஓங்கினவர்களே. ஆனால் அவர்களுக்கு நல்லுணவு இல்லை, ஓய்வு இல்லை, நிறுத்துவதற்கு உரிமையும் இல்லை. ஆகவே அவ்வுழைப்பு அவர்களை உருக்குலைத்தது. கிளாட்ஸ்டனோ வயிறார உண்டு, இரவில் உறங்கி, தாமே விரும்பி ஓங்கி, தாமே விரும்பி நிறுத்தினார். ஆகவே உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. உணவும் ஓய்வும் சேர்ந்தாலன்றி உழைப்பு உரமாக மாறாது. இதனை மறந்து, ஏழைக்குப் பயிற்சி தேவையில்லை என்று கூறுதல் பிழை. அவனுக்கு முதலில் வேண்டுவன உணவும் ஓய்வுமே.

கிளாட்ஸ்டன் தம் அனுபவத்தால் உணர்ந்ததை இக்கால மருத்துவ அறிவு ஆராய்ந்து உறுதிப்படுத்தியுள்ளது. ஏறத்தாழ முப்பது வயதிற்குப் பின் மனிதனுடைய தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றது. அறுபதிற்குப் பின் அக்குறைவு விரைவுறுகின்றது. விரைந்து இயங்கும் தசை நார்களே முதன்மையாக மெலிவன. கால் இடறுங்கால் உடலைத் தாங்கி நிறுத்துவன அவையே. எனவேதான் முதியோர் எளிதில் விழுகின்றனர். பாரம் தூக்குதல், தள்ளுதல், ஓங்கி வெட்டுதல் போன்ற வலுப்பயிற்சியால் தசை தடிக்கின்றது. நரம்புகள் தசையை ஏவும் திறன் கூடுகின்றது. எலும்பும் தன்மேல் விழும் இழுவிசைக்கேற்ப உறுதியைக் காத்துக்கொள்கின்றது. நடத்தல் நெஞ்சிற்கு நல்லது. ஆயினும் நடை ஒன்றே இவையனைத்தையும் செய்யாது.

காலங்கடந்து தொடங்கினால் பயனுண்டோ எனின், உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் விடுதியொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த முதியோர் பதின்மர்க்கு எட்டு வாரம் வலுப்பயிற்சி அளித்து, அதன் முடிவை 1990-இல் வெளியிட்டனர். பயிற்சியை முடித்தோர்க்குக் கால் வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு கூடியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், வளர்ந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தல் வேண்டும் என்றும், 65 வயது கடந்தோர் அதனோடு உடற்சமநிலைக்குரிய பயிற்சியை மூன்று நாட்களேனும் செய்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றது.

பயிற்சி முதுமையைத் தாமதிக்கச் செய்யுமேயன்றித் தடுத்துவிடாது. கிளாட்ஸ்டன் பெரியாரின் செவி மந்தமாயிற்று. கண்களிற் புரை படர்ந்தது. 1894 மார்ச்சில், 84-ஆம் வயதில், முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அதற்குப் பின்னும் அவர் வாளா இருந்திலர். ஏழை மாணவரும் குருமாரும் தங்கிக் கற்கும்பொருட்டு ஹார்டனில் ஒரு நூலகம் நிறுவி, தாம் சேர்த்த முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை அதற்கு ஈந்தார். எண்பது கடந்த அம்முதியவர் அந்நூல்களுட் பெரும்பாலானவற்றைத் தாமே தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிச் சென்று, தம் கையாலேயே அடுக்கினார். 1896-இல், 86 வயதில், துருக்கியில் ஆர்மீனியர் படுகொலை செய்யப்பட்டதைக் கண்டித்து லிவர்ப்பூலில் தம் கடைசிப் பேருரையை நிகழ்த்தினார். பின்னர்ப் புற்றுநோய் பற்ற, 1898-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், 88-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நிறுவிய நூலகத்தில் இன்றும் மாணவர் தங்கிக் கற்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் உடற்பயிற்சியைத் தோள் திரட்டிக் காட்டும் விளையாட்டாகவோ, தேர்வு நெருங்கியதும் கைவிடத்தக்க பொழுதுபோக்காகவோ கருதுகின்றோம். நூல் கற்போர்க்கு உடல் வேண்டா என்று எண்ணுவாரும் உளர். ஹோமரைக் கற்றவரும் கோடரியை ஏந்தியவரும் ஒருவரே என்பதை அவர்கள் நினைப்பாராக. கிளாட்ஸ்டன் 48-இல் தொடங்கினார். நாம் பத்தொன்பதிலும் இருபதிலும் தொடங்கலாம். நம் இல்லத்துப் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும், ஓய்வு என்ற பெயரால் நாற்காலியிலேயே இருத்திவிடாமல், மருத்துவர் கருத்தறிந்து, அவரவர் ஆற்றலுக்கேற்பச் சிறு பாரம் தூக்கவும், கைப்பற்றின்றி எழுந்து அமரவும் பழக்கலாம். நமக்கு வாய்க்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. அவ்வாண்டுகளில் பிறர் தோளிற் சாராது நின்று பணிசெய்யும் வலிமையோ, பெருமளவு நம் கையிலேயே உள்ளது. அதனைத் தேட இன்றே முயல்வோமாக.