யார் இந்த ஜி.டி.நாயுடு? பைக்கைக் கழற்றிப் பூட்டியே இன்ஜினீயரிங் கற்றவரின் கதை

திருத்தணி கோயிலுக்கு ஏற 365 படிகள். காரில் போகிறவர்களுக்கு மலைச்சாலை. அந்த வளைவுகளில் முன் சக்கரப் பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் நம்மில் பலர் முதலில் யூடியூப்பைத்தான் திறப்போம். ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றிவிடலாமா? ஒரு ஜாக்கியும் நாலு ஸ்பேனரும் போதுமா?

வீடியோ பார்த்துக் கற்க வழியில்லாத காலத்தில் இந்த மாதிரிக் கேள்விக்குத் தன் கையாலேயே விடை தேடியவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் இன்னொரு முருகன் மலையான பழனிக்குப் பஸ் விட்ட கோவைக்காரர், ஜி.டி.நாயுடு.

300 ரூபாய் பாடம்

கோவை பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார் துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றுபோனது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அப்புறம் இந்த வண்டி எப்படி ஓடுகிறது? அது அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார், காசு சேர்த்தார். கடைசியில் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கிவிட்டார்.

வாங்கியதும் ஊர் சுற்றியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? மனுஷன் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிட்டார். பிறகு திரும்பப் பூட்டினார். அந்த வண்டிதான் அவரை மெக்கானிக் ஆக்கியது.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்குப் பொதுவாக சஸ்பென்ஷனே கிடையாது. முன் ஃபோர்க்கில் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங், அவ்வளவுதான். மிச்ச அதிர்ச்சியை ஓட்டுகிறவரின் இடுப்பு வாங்கிக்கொள்ளும்! பாகங்கள் குறைவு, எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பொறுமை இருந்தால் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிந்த இயந்திரம் அது.

இன்றைய காரில் இதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. இன்றைய சின்ன கார்களின் முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் என்ற ஒரே அமைப்பாக இருக்கும். அந்த ஸ்பிரிங் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் அதன் உச்சியில் உள்ள நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வெளியே வரும், ஆளையே கொல்லும். அந்த வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பல கார்களில் பின்பக்க ஷாக் அப்சார்பர் தனியாக இருக்கும். அது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஷாக்கைக் கழற்றும்போது ஆக்ஸில் சட்டென்று தொங்கிவிடாமல் அதற்குக் கீழே இன்னொரு ஜாக்கி வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். கழற்றத் தெரிந்த பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பழனிக்குப் போன பஸ்

1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் பண உதவி செய்தார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அதை ஓட்டியவரும் நாயுடுதான். தார் காணாத சாலைகளில் ஓடிய அந்தக் கால பஸ்களைத் தாங்கியது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங். ஒரு பட்டை உடைந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ரிப்பேர் தெரியாத முதலாளிக்கு அந்தத் தொழில் கட்டுப்படியாகாது.

இவருக்குத் தெரியும். 1933-ல் அவருடைய யுனைடெட் மோட்டார் சர்வீஸிடம், சுருக்கமாக யு.எம்.எஸ்., 280 பஸ்கள் இருந்தன. பிறகு கவனம் தயாரிப்பு பக்கம் திரும்பியது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார். மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை இன்று பெயர் வாங்கியிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. பேட்டரியில் ஓடும் ரேசர், மண்ணெண்ணெய் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும்.

அனுமதி கிடைக்கவில்லை

பொறியியல் படிப்புக்கு இத்தனை வருஷம் எதற்கு என்பது அவருடைய தீராத கேள்வி. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி தொடங்கக் காரணமாக இருந்தார், முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், பாதிக் காலமே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான்.

இதில் அவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. கழற்றிப் பூட்டினால் ஸ்பிரிங்கை மாற்றத் தெரியும். எந்த எடைக்கு எத்தனை தடிமனில் ஸ்பிரிங் வேண்டும் என்பதற்குக் கணக்கு வேண்டும். ஆனால் ஸ்பேனரே பிடிக்காமல் டிகிரி வாங்கலாம் என்ற நிலைமையைப் பார்த்தால், அவருடைய கோபம் புரியாமல் இல்லை.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. கார் அத்தோடு நின்றது. நானோ வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதே சாலையில் அவர் குடும்பத்தாரின் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. போனால் பழைய கார்களின் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கொஞ்சம் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டைகளையும் பாருங்கள்.