ஒளியும் உண்மையும்: ராஜா தீன் தயாள் வாழ்வு

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த தமிழர் இல்லங்களில் நிழற்படத்துக்கென்று தனியொரு மதிப்பு உண்டு. குர்லாவிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய நம் முன்னோர், கையில் நாலு காசு சேர்ந்ததும் நிழற்பட நிலையம் சென்று, சலவைச் சட்டையுடன் நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்து, ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பி வைத்தனர். மணமகளின் படமும் ஊரிலிருந்து அஞ்சலில் வந்து சேர்ந்தது. படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையின்மேல் எத்தனையோ குடும்பங்களின் உறவு நிலைத்தது. அந்த நம்பிக்கைக்கு இன்று சோதனை வந்திருக்கின்ற வேளையில், இந்நாட்டில் நிழற்படக் கலையை அரியணை ஏற்றிய ராஜா தீன் தயாள் அவர்களின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

தீன் தயாள் 1844ஆம் ஆண்டில், மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானா என்னும் ஊரில், நகை வாணிகம் செய்த சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குலத்தொழிலில் ஈடுபடாமல், ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866இல் இந்தூரில் மராமத்து இலாகாவில் வரைவாளராகவும் மதிப்பீட்டாளராகவும் பணியில் அமர்ந்தார். அளவு ஒரு நூலிழை பிசகினாலும் கட்டடம் நில்லாது என்பதை உணர்த்தும் தொழில் அது. அளந்து பழகிய அந்தக் கண்ணே பிற்காலத்தில் அவருக்குப் பெருஞ் செல்வமாக அமைந்தது.

1874ஆம் ஆண்டளவில் அவர் நிழற்படக் கலையைக் கற்கத் தொடங்கினார். இன்று விரல் நுனியில் முடியும் காரியம் அன்று பெருந்தவமாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவியெடுக்க வேண்டும். இத்தனை இடர்ப்பாட்டுக்கிடையே அவர் மத்திய இந்தியாவின் கோவில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். சர் ஹென்றி டேலி, சர் லெப்பல் கிரிஃபின் ஆகிய ஆங்கில அதிகாரிகள் அவருக்கு ஆதரவு நல்கினர். அப்படங்கள் 1886இல் நூலாகவும் வெளிவந்தன.

பின்னர் அவர் ஹைதராபாத் சமஸ்தானத்தைச் சார்ந்தார். செகந்திராபாதில் நிலையம் அமைத்தார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் அவரைத் தமது அரசவை நிழற்படக் கலைஞராக ஏற்று, 1894இல் ராஜா என்ற பட்டமும் வழங்கிச் சிறப்பித்தார். 1896இல் நமது பம்பாய் மாநகரிலும் அவர் ஒரு நிலையத்தைத் திறந்தார். மறு ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் நிழற்படக் கலைஞர் என்ற சிறப்பும் அவரை வந்தடைந்தது.

அவருடைய முயற்சிகளுள் நம் கருத்தைக் கவர்வது, 1892இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்றே அவர் நிறுவிய நிலையம். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் அந்நிய ஆடவர் முன் முகங் காட்டுவதில்லை. ஆகவே உயர்ந்த மதிலால் சூழப்பட்ட அவ்விடத்தின் பொறுப்பைக் கென்னி லெவிக் என்னும் ஆங்கில மாதிடம் அவர் ஒப்படைத்தார். ஒருவருடைய உருவம் அவருக்கே உரியது. அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அந்த உரிமைக்கு மதிலும் காவலும் அமைத்த ஏற்பாடு என்றே இதனைக் கருதத் தோன்றுகிறது.

இனி, அக்காலத்து நிலையங்களின் உள்ளே நடந்த மற்றொரு வேலையையும் காண்போம். படம் எடுத்த கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் பதிந்திருக்கும். முகச் சுருக்கமும் அம்மைத் தழும்பும் விழுந்த இடங்களில் கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால், தாளில் அச்சாகும்போது அவ்விடங்கள் வெளுத்து, முகம் வழவழப்பாகிவிடும். பின்னர் வண்ணம் தீட்டிப் பட்டுக்குப் பளபளப்பும் நகைக்குப் பொன்னிறமும் ஏற்றுவதும் உண்டு. பின்னால் தொங்கும் திரைச்சீலையில் மாளிகையும் பூந்தோட்டமும் தோன்றும். குடிசையில் வாழ்பவரும் ஒரு கணம் மாளிகைவாசி ஆகலாம்.

இதெல்லாம் பொய்தானே என்று ஒருவர் கேட்கலாம். விடை அத்தனை எளிதன்று. அந்நாளைய தகடுகள் நீல ஒளியை விரைவில் ஏற்கும். செம்மையையும் மஞ்சளையும் ஏற்கமாட்டா. அதனால் நம் நாட்டு மாநிற முகங்கள் உள்ளதைக் காட்டிலும் கறுத்தே பதிந்தன. அவ்விடத்தில் பென்சில் செய்தது கருவியின் குறையை நீக்கும் திருத்தம். ஆனால் அதே பென்சில் ஒரு பெண்ணின் பிறவி நிறத்தை மாற்றி, மணம் பேச வருவோரை மயக்குமானால், அது மோசடி. கைவேலை ஒன்றே, கருத்து வேறு. அமர்ந்தவரின் இசைவு இருந்ததா, பார்ப்பவர் ஏமாற்றப்பட்டாரா என்ற இரு கேள்விகளே திருத்தத்தையும் மோசடியையும் பிரித்துக் காட்டும்.

பென்சிலே படாத படமும் பாதி உண்மை பேசக்கூடும். 1900ஆம் ஆண்டை ஒட்டிய கொடும் பஞ்சக் காலத்தில், நிஜாம் அரசு மேற்கொண்ட நிவாரணப் பணிகளைத் தீன் தயாளின் நிலையம் படமாக்கியது. அவை அரிய வரலாற்றுச் சான்றுகள், ஐயமில்லை. ஆயினும் அரசு செய்த உதவியைக் காட்டுவதற்கென்று எடுத்த படத்தில், உதவி எட்டாத ஊர் இடம்பெறுவது அரிது. எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்பதும் ஓர் அறப் பிரச்சினையே.

இதற்கு முன்னரே, 1876 முதல் 1878 வரை நம் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, ஹூப்பர் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக நின்ற நம் மக்களைக் கூட்டங் கூட்டமாக அமர்த்திப் படம் எடுத்தார். அப்படங்களில் திருத்தம் இல்லை; கண்டவர் நெஞ்சம் உருகியது. எனினும் பசித்தவனை அசையாமல் இருக்கச் சொல்லிப் படம் பிடித்தது முறையோ என்ற கேள்வி இன்றுவரை எழுகிறது. அவரே 1886இல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படமாக்க முயன்று விசாரணைக்கு ஆளானார். படத்தின் உண்மை வேறு. படம் எடுப்பவரின் அறம் வேறு.

தீன் தயாள் 1905ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் ஆயிரக்கணக்கானவை காலத்தைக் கடந்து நின்று, 1989இல் டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தைச் சேர்ந்தன. 2006இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. மன்னர்களின் முகத்தையும் மாண்ட கோட்டைகளின் தோற்றத்தையும் நாம் இன்று காண்பது அத்தகடுகளின் வாயிலாகவே. அவை நம்பத்தக்கவை என்று நாம் கொள்வதாலேயே அவற்றுக்கு மதிப்பு.

அன்று பென்சிலைப் பிடிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. இன்றோ நம் வீட்டுச் சிறுவன்கூடக் கைப்பேசியில் ஒரு நொடியில் நிறத்தை வெளுக்கவும், ஒருவர் தலையை வேறொருவர் உடலோடு சேர்க்கவும், நடவாததை நடந்ததாகக் காட்டவும் வல்லவனாகிறான். கருவி வளர்ந்துவிட்டது. அதைப் பிடிக்கும் கைக்குரிய பொறுப்பும் அதனோடு வளர வேண்டாமா?

நம் காலனிக் குடும்பங்கள் இரண்டு நெறிகளை மேற்கொண்டால் போதும். பிறர் படத்தை அவர் இசைவின்றி மாற்றுவதில்லை, பரப்புவதில்லை என்பது ஒன்று. நம் பெண்களின் மாநிறத்தை மறைத்து வரன் தேடுவதில்லை என்பது மற்றொன்று. வெளுத்த படத்தைக் கண்டு வருகிற மாப்பிள்ளை, வீட்டுக்கு வந்தபின் பெண்ணைக் குறை கூறினால், அந்தக் குறைக்கு வழி வகுத்தவர்கள் பெற்றோராகிய நாமே அல்லவா? உள்ள முகத்தை உள்ளபடி மதிக்கும் இல்லத்தில்தான் பிள்ளைகள் தலைநிமிர்ந்து வளர்வார்கள். ஊரில் நம் தாய்மார்கள் மாடக்குழியில் வைத்துப் பாதுகாத்த அந்தப் பழைய படம், சலவைச் சட்டையணிந்த மகனின் மெய்யான முகம் என்பதனால் அன்றோ அத்தனை அருமையுடையதாயிற்று!