கோலூன்றி உயர்ந்தவர்

1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள். இலண்டன் ஒலிம்பிக் அரங்கில் கோலூன்றித் தாண்டும் போட்டி நடைபெற்றுக்கொண்டிருந்தது. மாரத்தான் ஓட்டத்தில் முன்னணியில் வந்த இத்தாலி வீரர் டொராண்டோ பியத்ரி அப்போது அரங்கினுள் நுழைந்தார். களைப்பு மிகுதியால் திசை தடுமாறிப் பலமுறை வீழ்ந்த அவரை, அங்கிருந்தோர் தாங்கி எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். பல்லாயிரவர் பார்வையும் அவர்மீதே பதிந்திருந்தது. தாண்டும் போட்டி தடைப்பட்டது.

அப்போட்டியில் ஆல்பிரட் கார்ல்டன் கில்பர்ட், எட்வர்ட் குக் என்னும் அமெரிக்கர் இருவர் 3.71 மீட்டர் உயரம் தாண்டிச் சமநிலையில் நின்றனர். இருவருள் வல்லவர் யார் எனக் காண மேலும் ஒரு சுற்று நடத்தப்படவில்லை. இருவருக்குமே முதலிடம் வழங்கப்பட்டது. இன்றைய வீரர் ஏறத்தாழ 6 மீட்டர் தாண்டுவதை அறிந்தோர்க்கு இவ்வுயரம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வளைந்து உந்தித்தள்ளும் கண்ணாடியிழைக் கோல் அன்றில்லை. வீழும்போது தாங்கும் மெத்தையும் இல்லை.

கில்பர்ட் 1884இல் ஆரிகன் மாநிலத்துச் சேலம் நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற காலத்தில், மாயவித்தைக் காட்சிகள் நடத்திக் கல்விச் செலவை ஈடுசெய்தார். பட்டம் பெற்றும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை. மாயவித்தைப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். நியூயார்க்கிற்குத் தொடர்வண்டியில் செல்கையில், மின்கம்பிகளைத் தாங்க எஃகுச் சட்டங்கள் நிறுவப்படுவதைக் கண்டார். சிறுவர்களும் அவ்வாறு கட்டி மகிழலாமே என எண்ணினார். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்துப் பாலமும் பளுதூக்கியும் அமைக்கும் 'இரெக்டர்' விளையாட்டுப்பெட்டி 1913இல் விற்பனைக்கு வந்தது.

முதல் உலகப்போர் நடந்த 1918இல், விளையாட்டுப்பொருள் உற்பத்தியை நிறுத்த அமெரிக்க அரசின் பாதுகாப்புக்குழு கருதியது. அத்தொழிலை நம்பியிருந்தோரின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. கில்பர்ட் வாஷிங்டன் சென்று, விளையாட்டுப்பொருள்கள் சிறுவர்தம் அறிவை வளர்ப்பதை எடுத்துரைத்தார். உடன் கொண்டுசென்றவற்றை உறுப்பினர்முன் பரப்பினார். அமைச்சர்களே அவற்றை இயக்கிப் பார்ப்பதில் ஆழ்ந்துபோயினர். தடை கைவிடப்பட்டது.

1961இல் அவர் மறைந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலான காலத்திற்கு முன், அவர் பயின்ற யேல் மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவர் செயற்கை இதயக் குருதியேற்றி ஒன்றை உருவாக்கினார். நாயொன்றின் இதயத்தின் வலப்பகுதி ஆற்றவேண்டிய பணியை அக்கருவி ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஆற்றியது. அதனை அமைக்க அம்மாணவர் பயன்படுத்தியவற்றுள் கில்பர்ட்டின் இரெக்டர் பெட்டியிலிருந்த பட்டைகளும் இருந்தன.